கார்பரேட்டர் காலியாகும் வரை

ஜூலை 8, திங்கள்

அம்மாவைக் கொண்டுவந்து முன்னறைக் கட்டிலில் கிடத்தியாயிற்று. மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் "யம்மா" என்றாள். இடுப்பில் தகடு வைத்துப் பதினொரு நாள் ஆகிறது.

எழுதுவது தம்பி கொம்பையாவின் டைரியில். அவன் வேலை பார்த்த தீப்பெட்டி லேபிள் அச்சகத்தில் வருஷா வருஷம் கொடுப்பார்கள். ஜனவரியில் மூன்று நாள் மட்டும் எழுதியிருக்கிறான். 'பிளக் மாற்றியது.' 'செயின் டைட்.' 'மழை இல்லை.' மீதி வருஷம் முழுக்க வெள்ளைத்தாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். இந்த வீட்டிலோ வாயைத் திறக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி செத்து இன்று பத்தாம் நாள். அம்மாவுக்குத் தெரியாது.

போன மாதம் 29ஆம் தேதி, சனிக்கிழமை. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அச்சகத்தில் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நாற்பத்தாறு வயசு. நான் வந்து, பார்த்து, அனுப்பிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மறுநாள் காலையில் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அம்மாவுக்கு ஏற்கெனவே இருதயம் பலவீனம். இந்த மாதம் 29ஆம் தேதி செக்கப். அதுவரை எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சித்தப்பா தெருவில் வீடு வீடாகப் போய், யாரும் மூச்சுவிடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்.

சாயங்காலம் ஆறரைக்கு வாசல் விளக்கைப் போட்டேன்.

"ஏட்டி வடிவு, வாசல் லைட்ட எதுக்கு இப்பமே போடுத? அணை."

"இருட்டிட்டும்மா."

"இருட்டட்டும். வேணுங்கையில நான் போட்டுக்கிடுவேன். சுவிச்சு என் தலைமாட்டுலதான இருக்கு."

இடுப்பு ஒடிந்தாலும் கஞ்சத்தனம் மட்டும் ஒடியாது என்று முணுமுணுத்துக்கொண்டு அணைத்தேன்.

ஏழேகால் ஆயிற்று, ஏழரை ஆயிற்று. இட்லித் தட்டை அம்மா தொடவில்லை.

"வண்டி வரலையே."

"அச்சகத்துல ராத்திரி வேலையாம். நீ சாப்பிடும்மா, மாத்திரை போடணும்."

"வண்டி வரட்டும்."

அவன் மோட்டார் பைக் மாடிப்படிக்கு அடியில், தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. அம்மாவுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான். வெறும் வயிற்றில் போடக்கூடாத மாத்திரை. போடாமலே தூங்கிவிட்டாள்.

ஜூலை 9, செவ்வாய்

காலையிலும் அரை டம்ளர் காப்பியோடு சரி.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. அம்மாவும் கொம்பையாவும் பேசி நாலு வருஷம் ஆகிறது. சித்தப்பா மகள் வளைகாப்பில், வளையல் போட வந்த கொம்பையா பெண்டாட்டி சுகந்தியைப் பார்த்து, கூட்டத்துக்கு நடுவில், "நீ தள்ளி நில்லு" என்று அம்மா சொன்னாள். கல்யாணமாகி ஒன்பது வருஷமாகப் பிள்ளை இல்லாதவள் சுகந்தி. அந்த வாரமே சாத்தூருக்கு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. கொம்பையா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சண்டை போடவில்லை. மாடி அறைக்குப் போய்விட்டான், பேச்சை நிறுத்திவிட்டான். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. அவன் முதலில் பேசட்டும் என்று இருந்துவிட்டாள். இவள் சமைத்து அடுக்குப் பாத்திரத்தில் போட்டு மாடிப்படியின் கீழ்ப்படியில் வைப்பாள். அவன் எடுத்துப்போய்த் தின்றுவிட்டு, கழுவி அதே படியில் வைப்பான். ஆனால் அவன் வண்டிச் சத்தம் கேட்காமல் இவள் ஒருநாளும் சாப்பிட்டதில்லையாம். எனக்கே இது எதிர்வீட்டு ராஜம்மாள் சொல்லித்தான் தெரியும்.

அதனால் ஒரு வழி இருக்கிறது. முகத்தைக் காட்ட வேண்டாம், பேச வேண்டாம். காலையில் எட்டே முக்காலுக்கு வண்டி போகவேண்டும், ராத்திரி ஏழேகாலுக்கு வரவேண்டும். அவ்வளவுதான் அம்மாவுக்கு அவன். ஜன்னல் கட்டிலுக்கு மேலே உயரத்தில் இருக்கிறது. படுத்திருப்பவளுக்கு வானம்தான் தெரியும்.

வண்டி தொண்ணூற்று நாலாம் வருஷத்து டூ-ஸ்ட்ரோக். வாங்கிய புதிதில் கல்லூரி மைதானத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். "அக்கா, கிளட்ச்ச விடுகதுல்ல, பூ மாதிரி விடணும்" என்று பின்னாலேயே ஓடி வருவான். கோயமுத்தூரில் இப்போது நான் ஓட்டுவது ஸ்கூட்டர். கியரெல்லாம் மறந்து இருபது வருஷம் ஆகிறது.

கோயிலுக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். இழவு விழுந்த வீட்டில் இருந்துகொண்டு கோயில் என்று சொல்ல நாக்கு கூசியது. ராஜம்மாளை அம்மாவோடு உட்கார வைத்துவிட்டு, வண்டியைச் சத்தமில்லாமல் தபால்பெட்டி முக்குவரை தள்ளிக்கொண்டு போனேன். பெட்ரோல் டேப்பைத் திறந்து, சோக்கை இழுத்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உதைத்தேன். பதினோராவது உதைக்குக் கிளம்பியது. வாசலில் கொண்டுவந்து சாவியைத் திருகி நிறுத்திவிட்டு, கொல்லை வழியாக உள்ளே போனேன்.

அம்மா தட்டைக் கையில் வாங்கியிருந்தாள். ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு எதற்கோ காத்திருந்தாள்.

"வந்துட்டான்லா, சாப்பிடு."

"வந்துட்டான். ஆனா என்னமோ மாதிரி இருக்கே."

இரண்டு இட்லி சாப்பிட்டாள். மாத்திரை போட்டாள். அது போதும் இன்றைக்கு.

ஜூலை 10, புதன்

படிக்கட்டுக்கு அடியில் பெட்ரோல் நாற்றம் ஆளைத் தூக்குகிறது. வண்டிக்குக் கீழே தரையில் ஈரம். எட்டே முக்காலுக்கு உதைக்க ஆரம்பித்து ஒன்பது ஐந்து வரை உதைத்தேன். பிளக்கைக் கழற்றினால் தண்ணீரில் முக்கினது மாதிரி நனைந்திருக்கிறது. அடுப்படிக்குக் கொண்டுபோய் கேஸ் அடுப்பில் சுட்டுக் காயவைத்தேன்.

"அங்க என்ன தீய்ஞ்ச வாடை?" அம்மா.

"அப்பளம்."

மறுபடி மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டு உதைத்ததில் ஒருவழியாகக் கிளம்பியது. தெருவே புகைக்குள் போய்விட்டது. இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தேன்.

"எத்தனை ஒதை ஒதைக்கான்!" என்றாள் அம்மா. "காலு என்னத்துக்கு ஆகும்? பாவம்."

நாலு வருஷத்தில் அவனைப் பற்றி அவள் 'பாவம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஜூலை 11, வியாழன்

அதே கதை. முப்பத்து நாலு உதை. வலது முட்டி வீங்கிவிட்டது.

ஜூலை 12, வெள்ளி

ஓடும்போது பரவாயில்லை. வண்டியை நிறுத்தினால் கூடவே எஞ்சினும் நின்றுவிடுகிறது. ஐடிலிங் ஒரு நிதானத்தில் இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது, இருமுகிறது, செத்துப் போகிறது. கார்பரேட்டர் பக்கவாட்டில் ஒரு ஸ்குரூ உண்டு, அதைத் திருகினால் ஐடிலிங் வேகம் ஏறும் என்று நினைவிருந்தது. மனம்போன போக்கில் இரண்டு சுற்றுத் திருகிவிட்டேன். இப்போது நிற்கவில்லை, ஆனால் காட்டுக் கத்தல் கத்துகிறது.

அந்தக் கத்தலோடு வாசலில் வந்து நின்றேன். கொல்லை வழியாக உள்ளே போனால் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள். ராஜம்மாள் எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

"என்னம்மா, பசிக்கலையா?"

"கோவமா இருக்கானாட்டி அவன்?"

"கோவமா? எதுக்கு?"

"வாசல்ல வந்து என்னா ரேஸ் குடுக்கான். இத்தனை வருசத்துல ஒருநாளு இப்படிக் குடுத்ததில்ல. நான் விழுந்து அவனுக்கு மதுரைக்கும் இங்கயும் அலைச்சலாப் போச்சுல்லா. அதுக்குத்தான்."

"அய்யோ, வண்டி ரிப்பேரும்மா. வேற ஒண்ணுமில்ல."

"ரிப்பேருன்னா சேசுராஜ்கிட்ட குடுக்கத் தெரியாதா அவனுக்கு? எனக்கு வேண்டாம், எடுத்துட்டுப் போ."

சாப்பிடவில்லை. ஒரு ஸ்குரூவைத் திருகி, செத்துப்போனவனை அம்மாமேல் கோபப்பட வைத்துவிட்டேன். என் கையை வெட்டிப் போட்டால் என்ன?

ஜூலை 14, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம், சித்தப்பா வீட்டில். அம்மாவிடம் கல்யாண வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். வரும்போது அவளிடம் காட்ட வேண்டுமே என்று தாம்பூலப்பை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

சுகந்தி வந்திருந்தாள். ஓரமாக நின்றாள். யாரும் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை, அவளாகவே தள்ளித்தான் நின்றாள். கிளம்பும்போது என்னிடம், "கடைசியா மதுரையில பார்த்தீங்கள்லா மதினி, நல்லா இருந்தாங்களா?" என்று கேட்டாள். நல்லா இருந்தான் என்றேன்.

"இன்னும் பதினஞ்சு நாள் தாக்குப்பிடி தாயி" என்றார் சித்தப்பா. அவருக்கென்ன, வண்டியை உதைப்பது நான்.

ஜூலை 15, திங்கள்

அடுக்குப் பாத்திரத்தில் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் போட்டுக் கீழ்ப்படியில் வைக்கிறேன். அரைமணி கழித்து நானே எடுத்துக்கொண்டு மாடி அறைக்குப் போகிறேன். அவன் கைலி கொடியில் தொங்குகிறது. தரையில் உட்கார்ந்து அவன் சோற்றைத் தின்கிறேன். கழுவி மறுபடி படியில் வைக்கிறேன்.

"அடுக்கு காலியா?" என்று அம்மா தினமும் கேட்கிறாள்.

"காலிம்மா."

"குழம்பு மிச்சம் வச்சானா?"

"இல்லை."

அதைக் கேட்டால்தான் முகம் கொஞ்சம் தெளிகிறது. அதற்காகவே நான் மிச்சம் வைப்பதில்லை.

ஜூலை 17, புதன்

ஏர் ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். ஆடிக்காற்றுப் புழுதி உருண்டையாக வந்தது. புது பிளக் போட்டேன். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். ஒரு மண்ணும் மாறவில்லை. காலையில் அதே நாற்றம், அதே ஈர பிளக், வாசலில் அதே இருமல்.

பிரஷர் பார்க்க வந்த நர்ஸ், "பாட்டி ரொம்ப இளைச்சிட்டாங்க, சாப்பாடே போகலைன்னா புண்ணு ஆறாது, மறுபடி மதுரைக்குத்தான் கொண்டு போகணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 18, வியாழன்

சேசுராஜிடமே போய்விட்டேன். கொம்பையாவுக்கு இருபது வருஷ மெக்கானிக். அன்றைக்கு அச்சகத்திலிருந்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டதும் அவர்தான். அம்மாவுக்காக நான் வண்டி ஓட்டுவதைச் சொன்னதும் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். பிறகு கார்பரேட்டரைக் கழற்றினார்.

அடிக்கிண்ணத்தைத் திறந்து, மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். "இது நல்லா இருக்கு." பிறகு தீக்குச்சித் தலை அளவுக்கு ஓர் ஊசியை எடுத்துக் காட்டினார். கூர்முனையில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு தேய்மானம்.

"கிண்ணம் நிறைஞ்சதும் இந்த ஊசிதான் போய் வழிய அடைக்கணும். தேஞ்சு போச்சு, அடைக்க மாட்டேங்குது. வண்டி நிக்கிற நேரம் முழுக்கப் பெட்ரோல் உள்ள வழிஞ்சுக்கிட்டே இருக்கும். அக்கா, நிறுத்துனதும் டேப்ப மூடுதீங்களா?"

"எந்த டேப்?"

சேசுராஜ் நெற்றியில் அடித்துக்கொள்ளாத குறை. என் ஸ்கூட்டரில் டேப்பே கிடையாது. முதல்நாள் திறந்ததோடு சரி, அதை நான் மூடவே இல்லை.

"கொம்பையா அண்ணாச்சி தபால்பெட்டி முக்குலயே மூடிருவாக. கிண்ணத்துல இருக்கது வாசல் வரைக்கும் வந்து, அங்கன நின்னு தானா தீர்ந்து அணையும். அப்படிப் பண்ணுனா மறுநாள் ஒத்த உதையில எடுக்கும்."

"ஊசியையே மாத்தியிருக்கலாம்லா?"

"நானும் ரெண்டு வருசமாச் சொன்னேன். புது ஊசி வாங்கி அவுக கையிலயே குடுத்தேன். 'பெட்டியில கிடக்கட்டும் சேசு, பிறகு மாத்திக்கிடலாம்'னு சிரிச்சாக. பிறகு பிறகுன்னே போயிட்டாக."

பெட்ரோல் வரும் ஜெட் துவாரத்தை ஊதிச் சுத்தம் செய்து, நான் திருகிவைத்த ஸ்குரூவைச் சரிசெய்து, ஐடிலிங்கை நிதானமாக வைத்துக் கொடுத்தார். ஊசியை மாற்றவா என்று கேட்டார். வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜூலை 19, வெள்ளி

வண்டியின் பக்கப்பெட்டியைத் திறந்தேன். ஸ்பேனர், பழைய துணி, ஒரு பழைய பிளக். அடியில் பிரிக்காத சின்ன பிளாஸ்டிக் உறை. உள்ளே ஊசி.

ராஜம்மாளிடம் போய்க் கேட்டேன்: "சித்தி, கொம்பையா வந்ததும் வாசல்ல என்ன செய்வான்?"

"என்ன செய்வான், உக்காந்திருப்பான்."

"எங்க?"

"வண்டி மேலதான். இறங்கவே மாட்டான். வண்டி ஓடிக்கிட்டே நிக்கும், உங்க அம்மா ஜன்னலுக்கு நேரா. ரெண்டு நிமிசம், மூணு நிமிசம். அது தன்னால அணைஞ்சதும் உங்கம்மா வாசல் லைட்ட போடுவா. லைட்டு எரிஞ்ச பொறவுதான் இறங்கிப் படியேறுவான். மழை பெஞ்சாலும் நனைஞ்சுக்கிட்டே உக்காந்திருப்பான். கூறுகெட்ட பய." சொல்லிவிட்டு முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

முதல்நாளே நான் வாசல் விளக்கைப் போட்டதும், அணை என்று அம்மா ஏன் விரட்டினாள் என்று இப்போது தெரிகிறது. கஞ்சத்தனமாம். எனக்குத்தான் புத்தி கட்டை.

ஊசியை மாற்றினால் வண்டி சரியாகிவிடும். சரியாகிவிட்டால் வாசலில் வந்ததும் அணைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான், நிற்பதற்குக் காரணம் இருக்காது. அதனால்தான் மாற்றாமல் வைத்திருந்திருக்கிறான் கழுதை. இரண்டு பேருக்கும் அந்த மூன்று நிமிஷம்தான் பேச்சு.

ஜூலை 20, சனி

இதையும் எழுதிவிடுகிறேன்.

போன மாதம் 28ஆம் தேதி சாயங்காலம் கொம்பையா மதுரைக்கு வந்திருந்தான். தினமும் வேலை முடித்து பஸ் ஏறி வருவான். வார்டுக்குள் வரமாட்டான். வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போவான். அன்றைக்கு நான் மாத்திரைச் சீட்டோடு அலைந்துகொண்டிருந்தேன். "அக்கா, நெஞ்சு கரிக்குதுக்கா" என்றான். "கண்ட கடையில வடையைத் தின்னா கரிக்கத்தான் செய்யும், போய் சோடா வாங்கிக் குடி" என்றேன். சரிக்கா என்று போனான்.

நாங்கள் நின்றது ஆஸ்பத்திரி வராந்தாவில். பத்தடி தூரத்தில் டாக்டர் இருந்தார்.

போன தீபாவளிக்கு, ஆறு மாசம் அம்மாவைக் கோயமுத்தூரில் வைத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டான். வீடு சின்னது என்றேன். வீடு ஒன்றும் அவ்வளவு சின்னது இல்லை.

ஜூலை 22, திங்கள்

ஏழு பத்துக்கு தபால்பெட்டி முக்கில் குனிந்து டேப்பை மூடினேன். மெதுவாக வந்து ஜன்னலுக்கு நேராக நிறுத்தினேன். சாவியைத் தொடவில்லை. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சேசுராஜ் வைத்துக்கொடுத்த ஐடிலிங், ஒரு தட்டுத் தப்பாமல் ஓடியது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு சத்தம் தானாக ஏறியது. பெட்ரோல் தீரும்போது அப்படித்தான் ஏறும் என்று சேசுராஜ் சொல்லியிருந்தார். ஏறி, இரண்டு தடவை திக்கி, நின்றது.

தலைக்கு மேலே வாசல் விளக்கு எரிந்தது.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஜெயித்துவிட்டேன் என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்புக்கு என்னைச் செருப்பால் அடிக்கவேண்டும். இறங்குவதற்குக் காலைத் தூக்கினேன்.

"கொம்பையா."

ஜன்னலுக்கு உள்ளே அம்மாவின் குரல்.

"கொம்பையா, அம்மா பேசுதேன்யா. கோவம் தணிஞ்சிட்டா? பத்து நாளா வண்டிச் சத்தமே சரியில்ல. நான் பயந்துட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி பேசினாள். "அக்கா வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வச்சிருக்கா. இன்னைக்கு அடுக்க எடுத்துட்டு மேல போகாத. உள்ள வா. அந்தப் பிள்ளைய நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கேக்குதா? கூடாது. எனக்கு வயசாகிட்டு, இனிமே வீம்பு பிடிச்சு என்ன செய்ய? உள்ள வாய்யா."

தூக்கிய காலை மறுபடி ஊன்றினேன். வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிர்வாசலில் ராஜம்மாளின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கொம்பையா?"

கொல்லை வழியாகப் போகவில்லை. வாசல் வழியாகவே போனேன். அம்மா தலையணையில் நிமிர்ந்து, கலைந்த முடியைக் கையால் ஒதுக்கி, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். என் பின்னால் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த சாவியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் சாவியையே பார்த்தாள்.

"எப்போ?" என்றாள்.

"போன மாசம். இருபத்தொம்போது."

"நான் ஆஸ்பத்திரியில கிடக்கையிலயா?"

"ஆமாம்மா."

ராஜம்மாள் அலறிவிட்டாள். அம்மா அலறவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையா அவன்? நெஞ்சு வலிக்குன்னு, என்னமும்னு?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

தெருவே வந்து அழுதுவிட்டுப் போயிற்று.

ஜூலை 25, வியாழன்

உள்ளூர் டாக்டர் வந்து ஊசி போட்டார். பிரஷர் ஏறி இறங்குகிறது. கஞ்சி ஊட்டினால் குடிக்கிறாள். 'கடைசியில் ஒரு வார்த்தை பேசினேன், அதுவும் உன்னிடம் போய்ப் பேசியிருக்கிறேன்' என்கிற மாதிரி என்னைப் பார்க்கிறாள். வாயால் சொல்லவில்லை. சொன்னால் தேவலை.

ஜூலை 27, சனி

"சுகந்தி நம்பர் இருக்காட்டி?"

போட்டுக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் மணி ரொம்ப நேரம் அடித்தது.

"யாரு?"

"நாந்தான். அத்தை." அம்மா போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் வைக்கவில்லை. "தள்ளி நில்லுன்னு சொன்னேன்லா ஒன்னைய. அது தப்பு. அவன் இருக்கையிலயே சொல்லியிருக்கணும். சொல்லாமப் போயிட்டேன்."

சுகந்தி அழுகிறாளா இல்லையா என்று தெரியவில்லை. கடைசியில், "மாத்திரைய ஒழுங்கா போடுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

எழுபத்தைந்து வயசுக்காரி, இடுப்பில் தகடோடு, போனில் ஒப்புக்கொண்டுவிட்டாள். நான் அடுப்படியில் போய் நின்றேன்.

ஜூலை 29, திங்கள்

மதுரை செக்கப். புண் ஆறிவிட்டது, வாக்கரில் நடக்கப் பழகலாம் என்றார்கள். அதே வராந்தா, அதே பெஞ்ச். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஜூலை 31, புதன்

சேசுராஜ் வந்து அம்மாவைப் பார்த்தார். ஊசியை மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். "கிடக்கட்டும்யா" என்றாள் அம்மா. அவர் போனபிறகு என்னிடம், "ஒம்போது நாளா வண்டி சும்மா நிக்கி. சாயங்காலம் ஒரு சுத்து போயிட்டு வா" என்றாள்.

"எதுக்கும்மா?"

"போயிட்டு வாயேன்."

ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினேன். தபால்பெட்டி முக்கில் டேப்பை மூடினேன். ஏழேகாலுக்கு ஜன்னலுக்கு நேராக வந்து நின்றேன். விளக்கு இல்லை, உள்ளேயும் சத்தமில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. முகத்துக்கு நேராக என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். இந்தச் சத்தம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அம்மா" என்றேன் ஜன்னலைப் பார்த்து. "என்கிட்ட சொன்னாம்மா. நெஞ்சு கரிக்குதுன்னு, மதுரையில, முந்தின நாளு. சோடா குடின்னு அனுப்பிட்டேன். ஆறு மாசம் உன்னைய வச்சுக்கச் சொல்லியும் கேட்டான். முடியாதுன்னுட்டேன். நான்தாம்மா."

எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் வண்டி ஓடியது. பிறகு சத்தம் ஏறியது. இரண்டு தடவை திக்கி நின்றது.

இருட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ராஜம்மாள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ சைக்கிளில் போனார்கள். நான் இறங்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூன்று நிமிஷத்துக்கு ரொம்ப மேலே இருக்கும்.

அப்புறம் வாசல் விளக்கு எரிந்தது. நான் இறங்கி உள்ளே போனேன்.